மாட்டும் வேடப் பற்கள்: அறிகுறியைக் கொண்டு பிழை நீக்கும் வழிமுறை

வேடத்துக்காகச் செய்யப்படும் மாட்டும் பல்வரிசை, அணிபவருடைய சொந்தப் பற்களின் மேல் உறையாக ஏறி, எந்தப் பசையும் இன்றி 'டக்' என்று அமர்ந்து நிற்க வேண்டிய ஒன்று. பல் லேப்பில் முழுப் பல்செட் செய்யப் பயன்படும் அதே மெழுகும் அதே அக்ரிலிக்கும் அதே ஃபிளாஸ்க்கும்தான் (வார்ப்புப் பெட்டி) இதற்கும் பயன்படுகின்றன என்பதால், பல்செட் செய்து பழகியவர்கள் இதை எளிய வேலையாக எடுத்துக்கொள்வது இயல்பு. ஆனால் பல்செட் அமரும் ஈறு சற்றே அழுந்திக் கொடுக்கும். இந்த உறை அமரும் பல் இம்மியும் கொடுக்காது. பல்செட்டில் யாரும் கவனிக்காமல் போகும் ஒரு சிறு சுருக்கம், இங்கே உறையை ஏறவே விடாமல் தடுத்துவிடும்.

கோரைப்பல் முதல் கோரைப்பல் வரையிலான மேல்வரிசை முன்பற்கள் ஆறையுமோ, அவற்றோடு இருபுறமும் ஒவ்வொரு முன்கடைவாய்ப்பல்லையும் சேர்த்து எட்டையுமோ மூடும் அக்ரிலிக் உறையைக் கருத்தில் கொண்டே கீழுள்ள வழிமுறை எழுதப்பட்டுள்ளது. அல்ஜினேட் என்ற அச்சுப்பசையில் பற்களின் அளவு (பதிவு) எடுத்து, ஸ்டோன் என்ற கடினமான ஜிப்சத்தில் மாடல் ஊற்றி, அண்டர்கட்டுகளை (பல் உள்வாங்கும் இடங்களை) அடைத்து, மெழுகில் வேடப் பல்லைச் செதுக்கி, அதை அக்ரிலிக்காக மாற்றுவது இதன் வரிசை. அளவு எடுப்பதும் வாயில் பொருத்திப் பார்ப்பதும் பல் மருத்துவரின் வேலை. லேப்பின் வேலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது.

அறிகுறி எதுவாக இருந்தாலும், பர்ரை (அரைக்கும் முனையை) கையில் எடுக்கும் முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: இந்தக் குறை மாடலிலும் தெரிகிறதா, வாயில் மட்டும்தான் தெரிகிறதா? மாடலிலும் தெரிந்தால் பிழை மாடலுக்குப் பிந்தைய கட்டங்களில், அதாவது அண்டர்கட் அடைப்பிலோ மெழுகிலோ அக்ரிலிக்கிலோ இருக்கிறது. மாடலில் குறையின்றி அமர்ந்து வாயில் மட்டும் தொல்லை கொடுத்தால், பிழை அளவிலோ மாடலிலோ இருக்கிறது; அப்போது உறையை எவ்வளவு அரைத்தாலும் அது தற்செயலாகத்தான் சரியாகும். இந்தச் சோதனைக்கு, மெழுகும் பூச்சும் படாத, ஃபிளாஸ்க்கில் உடைபடாத இன்னொரு மாடல் கட்டாயம் வேண்டும். ஒரே அல்ஜினேட் அளவில் இரண்டாம் முறை ஊற்றி எடுக்கும் மாடலை நம்ப முடியாது. இரண்டு அளவுகள் எடுப்பதோ, முதல் மாடலைச் சிலிக்கானில் நகலெடுப்பதோதான் சரியான வழி. இதைச் செலவு என்று விட்டுவிடுபவர்கள், பின்னால் எந்தப் பிழையையும் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுவார்கள்.

உறை மாடலிலேயே ஏறவில்லை

முதலில் உறையின் உட்புறத்தை நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில், பார்க்க வேண்டும். பளபளப்பான சிறு உருண்டைகள் தெரிந்தால், அவை அக்ரிலிக் பதப்படுத்திய மாடலின் மேற்பரப்பில் இருந்த காற்றுக்குமிழ்ப் பள்ளங்களில் அக்ரிலிக் புகுந்ததால் வந்தவை. சிறிய உருண்டைப் பர்ரால் அவற்றை நீக்கினாலே பெரும்பாலும் உறை ஏறிவிடும். ஸ்டோனை அதிர்வு மேசையில் வைத்து, ஒரு முனையிலிருந்து சிறிது சிறிதாக வழியவிட்டு ஊற்றினால் இந்தப் பள்ளங்கள் தோன்றுவதில்லை.

உருண்டைகள் எதுவும் இல்லையெனில் அடுத்து ஐயப்பட வேண்டியது அண்டர்கட். பல்லின் மிகப் புடைத்த பகுதிக்குக் கீழே, ஈற்றை நோக்கி உள்வாங்கும் இடமே அண்டர்கட். முன்பற்களில் இரண்டு பற்களுக்கு இடையே ஈற்றை ஒட்டியுள்ள முக்கோண இடைவெளிகள்தாம் மிகவும் ஏமாற்றக்கூடியவை. அவற்றுக்குள் மெழுகு புகுந்து, பின் அதே வடிவில் அக்ரிலிக் இறுகிவிட்டால், உறை ஏறவும் ஏறாது, வலிந்து ஏற்றினால் இறங்கவும் இறங்காது. சர்வேயர் என்ற, பல்லின் புடைப்பைக் குறிக்கும் கருவியில் மாடலைப் பொருத்தி, உறை ஏற வேண்டிய திசையை முடிவு செய்து, கார்பன் முனையால் ஒவ்வொரு பல்லின் புடைப்புக் கோட்டையும் வரைந்த பிறகே அடைப்பு வேலையைத் தொடங்க வேண்டும். திசையை முடிவு செய்யாமல் கண் மதிப்பில் அடைப்பதுதான் இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் மிகப் பரவலானது.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் உறை இறுக்கமாக இருந்தால் காரணம் சுருக்கம். அக்ரிலிக் தூளோடு கலக்கும் திரவமான மோனோமர் மட்டும் தனியாக இறுகினால் கொள்ளளவில் சுமார் 21 விழுக்காடு சுருங்கும். தூள் 3 பங்கு, திரவம் 1 பங்கு என்ற வழக்கமான கொள்ளளவு விகிதத்தில் கலக்கும்போது இது ஏறத்தாழ 7 விழுக்காடாகக் குறைகிறது. கலவை இளக்கமாக இருந்தால் ஊற்றுவதற்கு வசதி என்று திரவத்தைக் கூட்டுபவர்கள், அந்த வசதிக்கு ஈடாகச் சுருக்கத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். இதற்குத் தீர்வு இரண்டு: விகிதத்தை அளந்தே கலப்பது, மாடலில் பற்களின் மேற்பரப்புக்கு மெல்லிய இடைவெளிப் பூச்சு ஒன்றைக் கொடுத்து, உறை உட்புறத்தில் மயிரிழை அளவு தளர்வாக அமையும்படி செய்வது. பூச்சு ஈற்றோரத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிட வேண்டும், ஏனெனில் உறை பல்லைப் பிடிக்கும் இடம் அதுதான்.

மாடலில் அமர்கிறது, வாயில் அமரவில்லை

அல்ஜினேட் பெரும்பகுதி நீரால் ஆனது. திறந்து வைத்தால் நீரை இழந்து சுருங்கும். நீரில் போட்டு வைத்தால் உறிஞ்சி வீங்கும். எனவே அளவு எடுத்து, எச்சிலைக் கழுவி, கிருமிநீக்கி தெளித்துக் கழுவிய பின், 10 முதல் 15 நிமிடங்களுக்குள் ஸ்டோன் ஊற்றிவிட வேண்டும். உடனே ஊற்ற இயலாதபோது ஈரமான காகிதத் துணியில் சுற்றி, மூடிய பையில் வைக்கலாம். அதுவும் குறுகிய நேரத்துக்கே. மருத்துவமனையில் மாலையில் எடுத்து மறுநாள் காலையில் லேப்புக்கு வந்து சேரும் அல்ஜினேட் அளவைத் திருப்பி அனுப்புவதே நேர்மையான செயல் என்பது என் கருத்து. தொலைவிலிருந்து வர வேண்டிய அளவுகளை அடிஷன் சிலிக்கானில் (ரப்பர் போன்ற, வடிவு மாறாத அச்சுப்பொருளில்) எடுக்கச் சொல்லலாம். சிலிக்கானில் எடுப்பவர்கள் ரப்பர் பால் கையுறை அணியக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; அதிலுள்ள கந்தகம் அடிஷன் சிலிக்கானை இறுகவிடாமல் கெடுக்கும்.

அல்ஜினேட், அளவு எடுத்த தட்டிலிருந்து விலகியிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொரு சோதனை. தட்டின் ஓரத்தில் அல்ஜினேட் ஒரு பக்கம் பிரிந்து நின்றால், அந்த அளவில் ஊற்றிய மாடல் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் பல்வரிசையின் வளைவு அகன்றோ குறுகியோ போயிருக்கும். உறை ஒரு பக்கக் கோரைப்பல்லில் சரியாக அமர்ந்து, மறுபக்கத்தில் பற்களின் நுனியிலேயே நின்றுவிடுவது இதன் அடையாளம். இதை அரைத்துச் சரிசெய்ய முயலாமல் புதிதாக அளவு எடுப்பதுதான் நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாடலின் மேற்பரப்பு சுண்ணாம்பு போல உதிர்கிறதென்றால் அதன் அளவையும் நம்ப முடியாது. நீர் அதிகமாகக் கலந்திருக்கலாம். எச்சில் சரியாகக் கழுவப்படாமல் இருந்திருக்கலாம். ஸ்டோன் இறுகிய பிறகும் அல்ஜினேட்டிலேயே இரவு முழுவதும் கிடந்திருக்கலாம். மூன்றாம் வகை ஸ்டோனுக்கு 100 கிராமுக்கு 28 முதல் 30 மில்லிலிட்டர் நீரும், நான்காம் வகைக்கு 22 முதல் 24 மில்லிலிட்டரும் போதும். ஊற்றி 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிரித்துவிட வேண்டும்.

ஏறுகிறது, ஆனால் நிற்கவில்லை

மாட்டும் பல்லின் உயிரே இந்தப் பிடிப்புதான் என்பதால், இதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பிடிப்பு இறுக்கத்தினால் வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். இறுக்கமான உறை ஏறும்போது வலிக்கும். அமர்ந்த பின்னும் பற்களை அழுத்திக்கொண்டே இருக்கும். சரியான உறையோ, ஏறும்போது ஓரிடத்தில் மட்டும் சற்றே விரிந்து கொடுத்து, புடைப்பைத் தாண்டியதும் பழைய வடிவுக்குத் திரும்பி, அமர்ந்த நிலையில் எந்தப் பல்லையும் தள்ளாமல் இருக்கும். 'டக்' என்ற அந்த ஒலி, ஓரம் புடைப்பைத் தாண்டும் கணத்தில் எழுவது. ஆகவே, பிடிப்பு வேண்டுமென்றால் புடைப்புக்குக் கீழே அளவறிந்து விட்டுவைத்த அண்டர்கட் வேண்டும். எல்லா அண்டர்கட்டையும் அடைத்துவிட்டால் உறை வழுக்கிக்கொண்டு விழும்.

எவ்வளவு விட்டுவைப்பது? பகுதிப் பல்செட்டின் வார்ப்பு உலோகக் கொக்கிக்கு 0.25 மில்லிமீட்டர் ஆழ அண்டர்கட் போதும் என்பது லேப்பில் அனைவரும் அறிந்த கணக்கு. விறைப்பான அக்ரிலிக் உறைக்கும் இதையே மேல்வரம்பாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. சர்வேயரின் அண்டர்கட் அளவியில் 0.25 முனையைப் பொருத்தி, இரு கோரைப்பற்களின் உதட்டுப் பக்கத்திலும், உறை அதற்கும் பின்னே நீளுமானால் முன்கடைவாய்ப்பற்களின் கன்னப் பக்கத்திலும் மட்டும் அந்த ஆழத்தை விட்டுவைக்கலாம். நடுவிலுள்ள நான்கு வெட்டுப்பற்களிலும் எல்லாப் பல் இடுக்குகளிலும் முழுமையாக அடைத்துவிட வேண்டும். பிடிப்பு இருபுறமும் சம தொலைவில் இருந்தால்தான் உறை நேராக ஏறி நேராக இறங்கும். ஒரு பக்கத்தில் மட்டும் ஆழம் கூடினால், அணிபவர் அந்தப் பக்கத்தை நெம்பிக் கழற்றப் பழகிக்கொள்வார், உறை அங்கேதான் விரிசல் விடும்.

செய்து முடித்த உறை நிற்கவில்லை என்றால் முதலில் அதன் ஓரத்தைப் பார்க்க வேண்டும். மெருகிடும்போது ஓரத்தை அளவுக்கு மீறித் தேய்த்து, புடைப்புக் கோட்டுக்கு மேலேயே முடித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மாடலில் வரைந்திருக்கும் கார்பன் கோட்டோடு ஓரத்தை ஒப்பிட்டாலே இது தெரிந்துவிடும். தீர்வு, சோதனை மாடலில் பிரிப்புப் பூச்சு (அக்ரிலிக் ஸ்டோனில் ஒட்டாமல் தடுப்பது) தடவி, கோரைப்பல் பகுதியின் உட்புற ஓரத்தைச் சொரசொரப்பாக்கி, செல்ஃப் க்யூர் (சூடாக்காமலேயே தானாக இறுகும்) அக்ரிலிக்கைச் சிறிதளவு சேர்த்து, அழுத்தக் கலத்தில் இறுகவைப்பது. இந்தச் சேர்ப்பு வேலையை வாயிலேயே செய்ய ஆசைப்படக் கூடாது. இறுகும் அக்ரிலிக் சூடாகும், மோனோமர் ஈற்றைச் சுடும், எல்லாவற்றுக்கும் மேலாக அது பல் இடுக்கில் புகுந்து இறுகிப் பூட்டிக்கொண்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

சிலருடைய பற்கள் இயல்பாகவே குட்டையாகவோ, நுனியை நோக்கிக் கூம்பியோ இருக்கும். அண்டர்கட் அளவி எங்கும் தொடாது. அத்தகைய வாயில் ஆறு பற்களை மட்டும் மூடும் உறையைச் செய்து பிடிப்பை எதிர்பார்ப்பது வீண். உறையை முன்கடைவாய்ப்பற்கள் வரை, தேவையெனில் இரண்டாம் முன்கடைவாய்ப்பல் வரை நீட்டி, அங்கே கிடைக்கும் புடைப்பைப் பயன்படுத்த வேண்டும்.

எதிர்மாறான குறை, ஏறிய உறை இறங்க மறுப்பது. இதற்கு மாடலில் அடைக்காமல் விட்ட இடுக்கே பெரும்பாலும் காரணம். உறையின் உட்புறத்தில் பற்களுக்கு இடையே கத்தி முனைபோல் நீளும் அக்ரிலிக் இதழ்களைக் குறைத்தால் போதும். ஓரத்தைக் குறைக்கத் தேவையில்லை. பல் கிளிப் போட்டிருப்பவர்களுக்கும், ஆடும் பல்லோ புதிதாகப் பொருத்திய கேப்போ உள்ளவர்களுக்கும், பால்பற்கள் விழுந்து முளைத்துக்கொண்டிருக்கும் சிறுவர்களுக்கும் இந்த வகை உறையே பொருந்தாது என்பதால், இவற்றை ஆர்டர் எடுக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

அமர்ந்த பின் ஊசலாடுகிறது

ஒரு புள்ளியில் உறை தாங்கி நின்று, அதைச் சுற்றி இரு பக்கமும் ஏறி இறங்குகிறது என்று பொருள். மெல்லிய சிலிக்கானை உட்புறத்தில் தடவி, மாடலில் அழுத்தி, இறுகிய பின் எடுத்துப் பார்த்தால், சிலிக்கான் கிழிந்து அக்ரிலிக் தெரியும் இடமே அந்தத் தாங்கு புள்ளி. அதை மட்டும் தொட்டுக் குறைத்து மீண்டும் சோதிக்க வேண்டும்.

வாய் மூடவில்லை, கடி உயர்கிறது

மேல் முன்பற்களின் அண்ணப் பக்கத்தில்தான் கீழ் வெட்டுப்பற்கள் வந்து படுகின்றன. அங்கே அரை மில்லிமீட்டர் அக்ரிலிக் ஏறினாலும் கடைவாய்ப்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் நின்றுவிடும். எனவே கீழ்வரிசை மாடலும் கடிப் பதிவும் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது. இரு மாடல்களையும் ஆர்ட்டிகுலேட்டர் என்ற, தாடை போல் திறந்து மூடும் கருவியில் ஏற்றி, கீழ்ப்பற்கள் படும் இடங்களை ஆர்ட்டிகுலேட்டிங் பேப்பரால் (கடிக்கும் இடத்தில் நிறம் பதிக்கும் தாள்) குறித்து, உறையின் அண்ணப் பக்க ஓரம் அந்தக் குறிகளுக்கு முன்னதாகவே முடியும்படி வடிவமைக்க வேண்டும். மேற்பற்கள் கீழ்ப்பற்களை மிக ஆழமாக மூடியிருக்கும் கடியில் அண்ணப் பக்கத்தை முற்றிலும் திறந்துவிட்டு, உதட்டுப் பக்கப் பிடிப்பையும் பற்களின் நுனியில் மெல்லியதாக மடங்கும் அக்ரிலிக்கையும் மட்டும் நம்ப வேண்டியிருக்கும். முழுவதுமாக வாய் மூட வேண்டும் என்பது ஒரு காட்சிக்கு மட்டும் அணியும் உறைக்கு அவ்வளவு இன்றியமையாததன்று. ஆனால் கடி உயர்ந்தால் இரு பக்கமும் சமமாக உயர வேண்டும். ஒரு பல் மட்டும் முட்டும் உறையை மணிக்கணக்கில் அணிந்தால் அந்தப் பல்லும் தாடைத் தசையும் வலிக்கும்.

நீண்ட கோரைப்பல் வைத்த உறைகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நேராக வாய் மூடும்போது எல்லாம் சரியாக இருக்கும். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்தியதும் நீண்ட பல் கீழ்வரிசையில் மாட்டி உறையை நெம்பும். கோரைப்பல்லின் நீட்சியைக் கீழ்க்கோரைப்பல்லுக்கு வெளியே, உதட்டை நோக்கிச் சற்றுச் சாய்த்துச் செதுக்கினால் இது தீரும். கீழுதட்டில் நுனி குத்தாதபடி முனையை மழுக்கிவிட வேண்டும். கேமராவிலும் மேடையிலும் மழுங்கிய முனை கூராகவே தெரியும்.

பேச்சு குழறுகிறது

எந்த எழுத்து குழறுகிறது என்று கேட்பதே இங்கே நோயறிதல். 'த', 'ந' ஒலிகள் தடித்தால் காரணம் உறையின் அண்ணப் பக்கத்தில் இருக்கிறது. நாக்கின் நுனி மேல் வெட்டுப்பற்களின் பின்புறத்தைத் தொட்டே இவற்றை ஒலிக்கிறது. 'ச', 'ஸ' ஒலிகளில் சீழ்க்கை எழுந்தாலோ காற்று சிந்தினாலோ, ஈற்றை ஒட்டிய அண்ணப் பக்க ஓரம் தடித்துப் படிக்கட்டு போல் நிற்கிறது என்று பொருள். 'வ', 'ஃப' ஒலிகள் மாறினால் வெட்டுப்பற்களின் நீளமோ, அவை முன்னுக்கு வந்த அளவோ மிகை. கீழுதடு மேற்பல்லின் நுனியைத் தேடும் ஒலிகள் இவை. முதல் இரண்டுக்கும் தீர்வு அண்ணப் பக்கத்தை மெலிதாக்கி, ஓரத்தைப் பல்லோடு கரையும்படி இழைப்பது. மூன்றாவதற்குத் தீர்வு மெழுகுக் கட்டத்திலேதான் உண்டு: மெழுகு உறையை அணிபவரிடம் பொருத்தி, அவருடைய வசனத்தில் சில வரிகளைச் சொல்லச் சொல்லிப் பார்த்துவிட்டு நீளத்தை முடிவு செய்ய வேண்டும். வசனமே இல்லாத வேடத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

அக்ரிலிக்கில் குமிழ், வெண்மை, புள்ளி

குமிழின் இருப்பிடமே அதன் காரணத்தைச் சொல்லிவிடும். தடித்த இடத்தின் உள்ளே மட்டும் ஊசிமுனைக் குமிழ்கள் திரண்டிருந்தால், மோனோமர் கொதித்திருக்கிறது. அதன் கொதிநிலை ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸ். இறுகும்போது வெளிப்படும் வெப்பமும் சேர்ந்து தடித்த பகுதியின் உட்புறத்தை அதற்கு மேலே கொண்டுபோய்விடும். ஹீட் க்யூர் (சூட்டில் இறுகும்) அக்ரிலிக்கை 74 டிகிரியில் சுமார் 2 மணி நேரம் வைத்து, அதன் பிறகே 100 டிகிரிக்கு ஏற்றி 1 மணி நேரம் வைக்க வேண்டும். அல்லது 74 டிகிரியிலேயே 8 மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டுவிடலாம். குமிழ்கள் ஒழுங்கற்ற வடிவில் உறை முழுவதும் பரவியிருந்தால், ஃபிளாஸ்க்கில் அக்ரிலிக் போதாமல் போயிருக்கிறது, அல்லது அழுத்தம் குறைந்திருக்கிறது. மாவுப் பதத்துக்கு வருமுன், நூல் நூலாக இழுபடும் நிலையிலேயே நிரப்பினாலும் இதுவே நேரும்.

மெல்லிய ஓரங்களில் உறைபனி போன்ற வெண்மை தெரிந்தால், அங்கே தூள் முழுமையாக நனையவில்லை; கலவையை மூடி வைக்காமல் விட்டதால் மோனோமர் ஆவியாகிப் போயிருக்கலாம். செல்ஃப் க்யூர் அக்ரிலிக்கைத் திறந்த மேசையில் இறுகவிட்டாலும் மேற்பரப்பு இப்படி வெளுத்துக் குமிழும். ஏறத்தாழ 2 பார் அழுத்தத்தில், 40 முதல் 45 டிகிரி வெதுவெதுப்பான நீரில், 10 முதல் 15 நிமிடம் அழுத்தக் கலத்தில் வைத்து எடுத்த உறைக்கும் மேசையில் இறுகிய உறைக்கும் உள்ள வேறுபாடு, வெட்டிப் பார்த்தால் எவருக்கும் தெரியும். வெண்மை உட்புறப் பரப்பில் மட்டும் படிந்திருந்தால் பிரிப்புப் பூச்சு சரியாகப் படியவில்லை. மெழுகை வெந்நீரால் முழுவதும் கழுவியெடுத்து, ஸ்டோன் சூடு ஆறுமுன் பூசி உலரவிட வேண்டும்.

பல் பொம்மைப் பல்லாகத் தெரிகிறது

ஒரே நிறத் தூளில் வார்த்த பல் எவ்வளவு நன்றாகச் செதுக்கப்பட்டிருந்தாலும் பொம்மைப் பல்லாகத்தான் தெரியும். இயற்கைப் பல் ஈற்றோரத்தில் மஞ்சள் கூடியும், நுனியில் ஒளி ஊடுருவியும் இருக்கும். எனவே ஷேடு கார்டில் இரண்டு படி வேறுபடும் இரு தூள்களை எடுத்து, அடர்ந்ததை ஈற்றுப் பக்கமும் வெளிறியதை நுனிப் பக்கமும் இட்டு, நடுவில் ஒன்றோடொன்று கலக்கவிட வேண்டும். வேடப் பல்லில் கறையும் அழுக்கும் வேண்டுமென்றால் அவற்றை மேலே வண்ணமாகப் பூசாமல், அக்ரிலிக்குக்கு உரிய நிறமியை மோனோமரில் குழைத்து இடுக்குகளில் இட்டு, அதன் மேல் நிறமற்ற அக்ரிலிக்கை மெல்லியதாக மூட வேண்டும். வாயில் நீண்ட நேரம் இருக்கும் பொருளின் மேல் கைவினைப் பெயின்ட்டுக்கு இடமில்லை.

ஈற்று நிறமும் பல் நிறமும் சந்திக்கும் கோடு கலங்கியிருந்தால், பல் பகுதி முழுவதும் இறுகுமுன்பே இளஞ்சிவப்பு அக்ரிலிக்கைச் சேர்த்துவிட்டார்கள் என்று பொருள். நாளடைவில் அந்தக் கோட்டிலேயே இரண்டும் பிரிந்து வந்தால் காரணம் வேறு: இடையில் மெழுகு எச்சமோ பிரிப்புப் பூச்சோ தங்கியிருக்கிறது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, மோனோமரால் சுமார் 3 நிமிடம் நனைத்து வைத்த பின் புதிய அக்ரிலிக்கைச் சேர்த்தால் நன்றாகப் பிடிக்கும்.

தாள் அழுத்திச் செய்த அடித்தளத்தில் வரும் குறைகள்

சில லேப்புகளில் மாடலின் மேல் நெகிழித் தாளைச் சூடாக்கி அழுத்தி, அந்த மெல்லிய அடித்தளத்தின் மேல் பல்லைக் கட்டுகிறார்கள். அமைப்பு மெலிதாகவும் சற்று வளைந்துகொடுப்பதாகவும் இருப்பதால் அண்டர்கட் விஷயத்தில் இது அக்ரிலிக்கைவிடப் பொறுமையானது. தாளுக்கும் மாடலுக்கும் இடையே குமிழ் வந்தால் மாடல் ஈரமாக இருந்திருக்கிறது. பற்களுக்கு இடையே சவ்வுபோல் மடிப்பு விழுந்தால் மாடல் தேவைக்கு மேல் உயரமாக இருக்கிறது, அல்லது தாள் மிகையாகச் சூடேறியிருக்கிறது; மாடலின் அடிப்பகுதியை வெட்டிக் குட்டையாக்கிக்கொள்ள வேண்டும். அக்ரிலிக் தாளிலிருந்து உரிந்து வந்தால் தாளின் வகையைப் பார்க்க வேண்டும். பாலிபுரோப்பிலீன் தாளில் அக்ரிலிக் ஒட்டாது. கோபாலியஸ்டர் தாளில் ஒட்டும். எத்தனை முறை சொரசொரப்பாக்கினாலும் இந்த உண்மை மாறாது.

ஈறு புண்ணாகிறது, எரிகிறது, வாடை வீசுகிறது

ஓரிடத்தில் மட்டும் சிவந்து வலித்தால் அது ஓரத்தின் குற்றம்; அந்த இடத்தைக் குறைத்து, ஈற்றைத் தொடாமல் அரை மில்லிமீட்டர் விலகி நிற்கும்படி செய்து, மெருகிட வேண்டும். உறை படும் இடமெல்லாம் எரிந்தால் எஞ்சிய மோனோமரை ஐயப்பட வேண்டும். ஹீட் க்யூர் அக்ரிலிக்கில் 0.2 முதல் 0.5 விழுக்காடு வரையிலும், செல்ஃப் க்யூரில் 3 முதல் 5 விழுக்காடு வரையிலும் மோனோமர் எஞ்சும். அதனால் செல்ஃப் க்யூர் உறையை உடனே கையில் கொடுக்காமல், குறைந்தது ஒரு நாளாவது நீரில் ஊறவைத்துக் கொடுப்பது நல்லது. அப்படியும் எரிச்சல் தொடர்ந்தால் ஒவ்வாமையாக இருக்கலாம். உறையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மோனோமர் லேப் ஊழியரின் தோலுக்கும் ஒவ்வாதது. சாதாரண நைட்ரைல் கையுறையை அது விரைவில் ஊடுருவிவிடும் என்பதால், கையுறை அணிந்திருக்கும் தைரியத்தில் மாவை நெடுநேரம் விரலால் பிசையக் கூடாது.

முதல் வாரத்தில் நன்றாக அமர்ந்த உறை திடீரென்று அமராமல் போய்விட்டதென்றால், அதை எதில் கழுவினார்கள் என்று கேட்க வேண்டும். கொதிநீரில் போட்ட அக்ரிலிக் வளைந்துவிடும். ஆல்கஹால் கலந்த நீர்மத்தில் போட்டதன் மேற்பரப்பில் சிலந்தி வலை போன்ற நுண்விரிசல்கள் ஓடும். குளிர்ந்த நீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். மெருகிடும்போது உலர்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்தாலும் இதே வளைவு நேரும் என்பதால், பியூமிஸ் (மெருகிடும் கல் தூள்) எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும்.

விரிசல் விடுகிறது, உடைகிறது

நடுக்கோட்டில் உடைந்தால் அங்கே தடிமன் போதவில்லை, அல்லது அணிபவர் ஒரு பக்கமாக நெம்பிக் கழற்றுகிறார். இரு ஆள்காட்டி விரல்களாலும் இருபுறக் கோரைப்பற்களின் ஓரத்தையும் ஒரே நேரத்தில் கீழிறக்கிக் கழற்றக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிடிப்பு ஓரத்தில் உடைந்தால் அண்டர்கட் மிகை. மாடலுக்குத் திரும்பி அளவியால் மீண்டும் அளக்க வேண்டும். நீண்ட கோரைப்பல் மட்டும் முறிந்தால், அதன் உள்ளே குமிழ் இருந்ததா என்று முறிந்த பரப்பில் பார்க்க வேண்டும். இருந்தால் ஒட்டுவதில் பயனில்லை, புதிதாகத்தான் வார்க்க வேண்டும்.

உடைந்த உறையைக் கடைப் பசையால் ஒட்டி அன்றைய காட்சியை ஓட்டிவிடலாம் என்ற கோரிக்கை எப்போதும் வரும். அதற்கு இணங்கக் கூடாது. உடைந்த துண்டு பேசும்போது தொண்டைக்குள் போகக்கூடும். பல்செட் அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால், மூச்சுக்குழாயில் சிக்கிய துண்டைத் தேடிக் கண்டுபிடிப்பது மருத்துவருக்கும் கடினம். இதே காரணத்தால் உறையை அணிந்துகொண்டு உண்ணவும் உறங்கவும் கூடாது. உடைந்த இரு பகுதிகளையும் சோதனை மாடலில் அமர்த்தி, உடைந்த கோட்டின் இருபுறமும் சில மில்லிமீட்டர் அகலத்துக்குச் சாய்வாக அரைத்து, மோனோமரால் நனைத்து, செல்ஃப் க்யூர் அக்ரிலிக்கை நிரப்பி, அழுத்தக் கலத்தில் வைத்து எடுப்பதே பழுது நீக்கும் முறை. பழுது நீக்கிய உறையை மாடலில் பலமுறை ஏற்றி இறக்கி, கோட்டில் புதிய வெண்மை ஏதும் தோன்றவில்லை என்று உறுதிசெய்த பின்பே வாய்க்குத் திருப்ப வேண்டும். அதே இடத்தில் இரண்டாம் முறை உடைந்த உறையைப் பழுது பார்க்காமல் கழித்துவிட வேண்டும்.